கோவிந்தசாமி சொல்ல வந்தது

சிங்கவரம்
மாசி 22, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மணிமொழிக்கு, உன் நைனா பச்சமுத்து சொல்லச் சொல்ல, ரிட்டயரான தபால்காரர் சுந்தரமூர்த்தி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா நாகம்மாளும் மாடு கன்றும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்க அங்காளம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா மாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் போனாள், ஸ்பெஷல் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் நின்றுகொண்டே வந்ததில் முழங்கால் வீங்கி நாலு நாள் படுத்தாள், இப்போது நடக்கிறாள். செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. ரேஷன் மிஷின் இந்த மாதமும் என் பெருவிரலை ஏற்கவில்லை, ரேகை தேய்ந்துவிட்டதாம், உன் அம்மா விரல் வைத்துத்தான் அரிசி வாங்கினோம். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், நம்ம ஆப் ஊரில் எப்படி ஓடுகிறது நைனா என்று கேட்டாய், நல்லா ஓடுது என்றேன். அது பொய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று கேட்கிறாய், மீட்டிங் வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறாய், எனக்கும் நல்லா இருக்குது என்று சொல்லிவிடுவது சுலபமாக இருக்கிறது. அதனால்தான் கடிதம். இந்தக் காலத்துல யாரு லெட்டர் போடுறாங்க என்று சுந்தரமூர்த்தி முனகிக்கொண்டேதான் எழுதுகிறார், ஒரு வார்த்தையும் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

தை கடைசியில் நீயும் உன்னோடு வேலை செய்கிற ஜெஸிமாவும் உங்கள் கம்பெனியிலிருந்து இன்னும் ஒருத்தரும் வந்து மூன்று நாள் தங்கினீர்கள். காலையில் மூன்று பேரும் வாசலில் நின்றுகொண்டு, புனேயில் இருக்கிற மற்ற மூன்று பேரோடு போனில், நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எதில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஆளுக்கு இரண்டு பேச்சு பேசினீர்கள். உன் அம்மா நாற்காலி கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை, நம்ம வூட்டு நாற்காலி இன்னா அழுக்கா என்று அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நின்றுகொண்டு பேசினால்தான் பேச்சு சீக்கிரம் முடியும் என்று நீ சொன்னதை அவள் நம்பவில்லை, நான் நம்பினேன். ஆறு பேர் கம்பெனி, ஒரு வருஷம் கூட ஆகவில்லை, அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு செய்வோம், செய்ததைக் கொண்டுபோய்க் காட்டுவோம், குறை சொன்னால் அடுத்த இரண்டு வாரத்தில் திருத்துவோம், முழுசாகச் செய்துவிட்டுக் காட்டினால் தப்பும் முழுசாக இருக்கும் என்று சொன்னாய். எனக்குப் படிப்பில்லை, ஆனால் கேட்டது மறக்காது.

நீங்கள் காட்டியது ஏரிக் கழனிக்கு அறுப்பு மிஷின் முறை வைக்கிற ஆப். பேர், ஊர், எத்தனை ஏக்கர், என்றைக்கு வேண்டும் என்று நாலு கேள்வி. யார் முதலில் பதிகிறார்களோ அவர்களுக்கு முதல் முறை. அங்கே கழனி வைத்திருக்கிற பதினாலு பேர் நம் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள், ஜெஸிமா ஆளுக்கு ஒரு மஞ்சள் சீட்டு எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அந்தப் பெண் இன்னா குறை, கூச்சப்படாம சொல்லுங்க என்று மூன்று தரம் கேட்டாள். பதினாலு பேரும் ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்குது என்றார்கள். அப்படிச் சொல்லச் சொன்னது நான். அன்று விடிந்ததும் வீடு வீடாகப் போய், பொண்ணு கூட வெளியூர்க்காரங்க வந்திருக்காங்க, அவங்க எதிர்ல கொற சொல்லி வெக்காதீங்க என்று கேட்டுக்கொண்டேன். வந்த விருந்தாளி முன்னால் யார் குறை சொல்வார்கள், நான் சொல்லாவிட்டாலும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் எட்டாவது சீட்டு கோவிந்தசாமியுடையது. அவன் மட்டும், அதெல்லாம் செரிம்மா, ஆனா வழி என்று ஆரம்பித்தான். நான் அவன் கையில் டம்ளரைத் திணித்து, காபி ஆறிப்போவுது குடி என்றேன். குடித்தான். அவன் சீட்டிலும் நல்லா இருக்குது என்றே ஏறியது.

அவன் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். நமக்கு அங்கே கழனி இல்லை, ஆனால் ஐம்பது வருஷம் எல்லாக் கழனியிலும் கூலிக்கு அறுத்தவன் நான். ரோட்டிலிருந்து ஐந்தாவது கழனி கோவிந்தசாமியுடையது, அதற்குத் தனி வழி கிடையாது, முன்னால் இருக்கிற நாலும் அறுத்தால்தான் மிஷின் உள்ளே போகும். முன் கழனி விளையாமல் பின் கழனி விளைந்துவிட்டால், பின்னால் இருக்கிறவன் தன் செலவில் ஆள் விட்டு, முன் கழனியில் ஒரு மிஷின் அகலத்துக்குக் கையால் அறுத்து, கட்டுக் கட்டி அந்தக் கழனிக்காரரிடமே கொடுத்துவிட்டு வழி வாங்க வேண்டும். அதையும் முன்கூட்டியே வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும், அதனாலேயே யாரும் வாயால் சொல்வதில்லை. உன் ஆப் முன்னால் யார் என்று கேட்கவில்லை.

நீங்கள் ஊருக்குப் போய் அந்த இரண்டு வாரமும் மிஷின் போட்டோ வைப்பதிலும் டிரைவருக்கு நட்சத்திரம் போடுவதிலும் செலவு செய்தீர்கள், குறைதான் ஒன்றும் இல்லையே. மாசி பன்னிரண்டு செவ்வாய்க்கிழமை, கோவிந்தசாமியின் மருமகள் முதலில் பதிந்ததால் மிஷின் அவனுக்கு வந்து நின்றது. முன்னால் ரோட்டை ஒட்டிய முதல் கழனி கலைவாணியுடையது, இன்னும் பச்சை, பத்து நாள் போக வேண்டும். டிரைவர், போன்ல இவுரு பேருதான் மொதல்ல வருது என்று வரப்பில் ஏற்றப் பார்த்தான். கலைவாணி குறுக்கே நின்றுகொண்டு, உன் போனுக்கு ரெக்கை இருந்தா மிஷினைத் தூக்கிக்கினு பறக்கச் சொல்லு என்றாள். கோவிந்தசாமிக்கு, போனே முறை கொடுத்துவிட்டதால் கலைவாணியைத் தனியாகக் கேட்கவேண்டியதில்லை என்று நினைப்பு. மிஷின் திரும்பிவிட்டது. வியாழக்கிழமை மழை. அவன் நெல் முழுக்கச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது, ஆள் விட்டு அறுத்ததில் பாதி முளைத்துவிட்டது. அன்றிலிருந்து பதினாலு பேரும் டிரைவருக்கே நேராகப் போன் செய்கிறார்கள், உன் ஆப்பை யாரும் தொடவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம், பொண்ணு மனசு சங்கடப்படும் என்று எல்லாருமாகப் பேசிவைத்திருக்கிறார்கள்.

பங்குனி மூன்றாம் வெள்ளிக்கிழமை, சிங்கவரத்தில் எத்தனை பேர் முறை வைத்தார்கள் என்று பார்த்துத்தான் இதைத் தொடர்வதா விடுவதா என்று முடிவு, இந்த ஊரைக் காட்டியவள் நீ என்பதால் கேள்வி உன் மேல்தான் வரும் என்று சொன்னாய். இன்னும் ஒரு துண்டு செய்கிற நாள் இருக்கிறது. தப்பு உங்கள் முறையில் இல்லை, கேட்கத்தான் கேட்டீர்கள், பதிலைக் கெடுத்தது நான் என்று உன் கம்பெனியில் என் பேரைச் சொல்லியே சொல். நேற்று கோவிந்தசாமி வீட்டுக்குப் போய், அன்னிக்கி நீ சொல்ல வந்ததை இப்ப சொல்லு என்றேன். அவன், என் நெல்லு மொளைச்சப்புறம் கேக்குற பாரு மாமா என்றான். பிறகு, பொண்ணு கேட்டா அதுங்கிட்ட சொல்றேன், உங்கிட்ட சொல்ல மாட்டேன் என்றான். அது நியாயம். கலைவாணியும் வருகிறேன் என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு, பனியில் தலையில் துணி கட்டாமல் போகாதே. நீயும் ஜெஸிமாவும் எடுத்த வேலை கைகூடி நல்ல பேரோடு இருக்க வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். கடிதம் வந்து சேர நாள் ஆகும், அதனால் வருகிற ஞாயிறு இல்லை, அதற்கு அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிடு, மறந்துவிடாதே, கோவிந்தசாமி நம் வீட்டில் உட்கார்ந்திருப்பான். என்னைக் கேட்காதே, அவனைக் கேள். அவன் பேசி முடிக்கிறவரை யாருக்கும் காபி கிடையாது என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு உன் நைனா,
பச்சமுத்து
(இடது கைப் பெருவிரல் ரேகை. ரேஷன் மிஷின் ஏற்காத அதே விரல்தான், மையில் நன்றாக விழுந்திருக்கிறது. — சுந்தரமூர்த்தி)