பின்பக்கமாக வீடு திரும்புகிறவர்

அண்ணாச்சி,

ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். அலமாரியிலிருந்து உங்கள் தாள்கட்டை எடுத்ததும் ஸ்டிக்கர் பசை வாசம் குப்பென்று அடித்தது. கட்டிய பெட்டியை மறுபடி பிரித்தேன். காலையிலிருந்து இதே வேலைதான். டாக்சி வந்துவிடும்; உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

இங்கே வளைகுடாவில், அல் கூஸில், கடை போர்டுகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் நம் ஒர்க்‌ஷாப்பில், சாப்பாட்டு நேரம் முழுக்க நீங்கள் அந்த அமெரிக்கக்காரர் கதையைத்தான் சொல்வீர்கள். கார்ட்டூன் படத்துக்குப் பேச்சே வராத காலத்து டைரக்டர். பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் போட்டவர், பிறகு சித்திரங்களையே நடக்க வைத்தார். திரையில் வந்ததோ முதலாளி பேர். படங்கள் பேச ஆரம்பித்ததும் வேலை போயிற்று; கம்பெனி கம்பெனியாக மாறி வரைந்தே கிழவரானார்.

"நாம ஒட்டுத போர்டுல நம்ம பேரு இருக்கால? அவருக்கும் அதே கததான்" என்பீர்கள்.

நான் சும்மா இருப்பேனா? அவர் தூத்துக்குடியில் கப்பல் இறங்கி எங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டார், கை கழுவத் தண்ணீர் ஊற்றியது எங்கள் தாத்தா என்று அடித்துவிட்டேன். மலையாளி ஃபோர்மேனே நம்பினார். நீங்கள் மட்டும் தட்டிலிருந்து தலை நிமிராமல், "அந்த மனுசன் அமெரிக்காவ விட்டே நவுரல. அளக்காதல" என்றீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் தாத்தாவா தண்ணீர் ஊற்றினார்?

ஸ்டிக்கரை உரித்தால் மிஞ்சும் தாளில் நீங்களும் அவர் மாதிரியே வரைந்தீர்கள். தாள்களை அடுக்கி ஓரத்தைக் கட்டை விரலால் மளமளவென்று விரட்டினால், ஒரு ஆள் பெட்டியோடு வீட்டுப்படி இறங்கி நடந்து போவார். ஒருநாள் ஃபேன் காற்றில் தாளெல்லாம் பறந்தது. உங்களுக்கு நம்பர் போடும் பழக்கமும் கிடையாது. பொறுக்கிய நான் கடைசித் தாளை முதலாக வைத்து அடுக்கிவிட்டேன். விரட்டினால், ஆள் பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குள் போகிறார். ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. இந்த வித்தைக்கு அமெரிக்காவில் தனிச் சம்பளம் என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. திரும்பத் திரும்ப விரட்டிப் பார்த்துவிட்டு, "இவன் வீட்டுக்கு வாரதத்தான் அடுத்து வரையணும்" என்றீர்கள்.

வரையவில்லை. லீவுக்கு டிக்கெட் போட்ட வாரமே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நேற்று உங்கள் வீட்டிலிருந்து மைனி போனில் கேட்டார்கள்: "வீட்டுக்கு வார மாதிரி ஒரு படம் போடப்போறேன்னு அவுக சொன்னாவளே, அது இருக்கா தம்பி?"

"இருக்கு மைனி, கையோட கொண்டாறேன்" என்றுவிட்டேன். என் வாய் அப்படி.

அப்போதே பென்சிலை எடுத்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டாலும் டிராயிங்கில் பள்ளிக்கூடத்துக்கே நான்தான் முதல், தெரியுமல்லவா? ஆனால் வந்தது ஆள் இல்லை, கால் முளைத்த பெட்டி. கிழித்துப் போட்டேன். இன்று தாள்களைப் பரப்பி, அந்தப் பழைய தப்பையே பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறேன். கடைசித் தாள் முதலில்.

விரட்டிப் பார்த்தேன். பெட்டியோடு படியேறி உள்ளே போகிறார். முகம் மட்டும் இந்தப் பக்கமாக, நம்மைப் பார்த்தபடி.

கிளிப் போட்டுவிட்டேன். மேல்தாளில் உங்கள் பேர், பெரிதாக. முதலாளி பேர் எங்கும் இல்லை. லக்கேஜில் போட மனம் வரவில்லை, மடியில் வைத்தே கொண்டுபோகிறேன்.

கீழே ஹாரன் அடிக்கிறான். ஏன் பின்பக்கமாக வருகிறார் என்று மைனி கேட்டால், அமெரிக்க டைரக்டர்கள் எல்லாம் அப்படித்தான் வீட்டுக்கு வரவைப்பார்கள் என்பேன். இந்த ஒரு தடவை மட்டும் அண்ணாச்சி, "அளக்காதல" என்று சொல்லாமல் இருங்கள்.