நான்காம் அத்தியாயம்

நாள் 402, 07:10

காற்று பச்சை. நீர் பச்சை. அழுத்தம் சரி. வெளியே புழுதிப் புயல். சூரியத் தகடுகள் பாதி மின்சாரம்தான் தருகின்றன. புயல் அடங்கும்வரை நாளுக்கு ஒரு செய்தி அனுப்பத்தான் மின்கலம் தாங்கும்.

செவ்வாய் நிலையத்தில் நாங்கள் மூவர். நிலவியலாளர் ஹபீப், மருத்துவர் சகாயமேரி, வேதியியலாளனாகிய நான், தனுஷ்கோடி. சில நாட்களாக மூவருக்கும் காபியில் இரும்பு ருசி. தண்ணீரைச் சோதித்தேன். குறையில்லை.

எங்கள் இடத்துக்கு வரும் நால்வரின் கப்பலிலிருந்து, அதன் விமானி முத்துப்பேச்சியின் செய்தி: "ஏ அண்ணாச்சி, மூட்டை கட்டியாச்சா? திரும்பிப் போகும்போது ஜன்னல் சீட்டு கேட்டு சண்டை போடாதீங்க. ஜன்னலே கெடையாது."

நாள் 409, 08:00

காற்று பச்சை. ஹபீப்புக்குக் காபி திடீரென்று நன்றாகிவிட்டதாம். இரண்டு தம்ளர் குடித்தார். பாடினார். அவர் பாடி நான் கேட்டதில்லை.

நாள் 411, 06:40

ஹபீப் எழுந்திருக்கவில்லை. உடலில் காயமோ வீக்கமோ இல்லை. சகாயமேரி நோய் எதையும் காணவில்லை. ரத்தம் எடுத்துப் புட்டியை முத்திரையிட்டேன். முத்திரையின் மேல் இருவரும் கையெழுத்திட்டோம். இருபது வருடம் தடய அறிவியல் கூடத்தில் செய்த வேலை, கை தானாகச் செய்கிறது.

காற்று பச்சை.

நாள் 414, 19:30

ரத்தத்தில் விடை கிடைத்தது. காற்று வடிகட்டிக்குள் இருக்கும் பிசின் பழசாகி ஒரு வாயுவைக் கசிய விடுகிறது. அதற்கு மணமில்லை. முதலில் நாக்கில் இரும்பு ருசி. பிறகு நரம்பு செத்து, ருசி சரியானது போலத் தோன்றும். பிறகு தூக்கம்.

சகாயமேரிக்கு இன்று மதியம் ருசி திரும்பியது. விண்வெளி உடைகளுக்காகப் பூமியில் நிரப்பி வந்த மூன்று காற்றுக் குப்பிகளில் இரண்டை அவருக்கே மாட்டினேன். இரவெல்லாம் பூமிக் காற்றைத்தான் சுவாசிக்கப்போகிறார்.

நாள் 416, 05:15

பயனில்லை. சகாயமேரி அதிகாலையில் இறந்தார். ருசி திரும்பிவிட்டால் சுத்தக் காற்றும் காப்பாற்றாது.

சுவரில் காற்றை அளந்து விளக்கு காட்டும் உணரி ஏன் எச்சரிக்கவில்லை என்று இதைப் படிப்பவர் கேட்பீர்கள். அது தினமும் காலையில் இந்த அறைக் காற்றையே இழுத்து, இதுதான் சுத்தம் என்று வைத்துக்கொள்கிறது. அன்று முழுவதும் அதை வைத்துத்தான் அளக்கிறது. நஞ்சு மெல்ல ஏறினால் அதன் சுத்தமும் கூடவே ஏறும். விளக்கு பச்சையாகவே இருக்கும்.

இது இன்று கண்டுபிடித்ததல்ல. என் முனைவர் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் இதுதான்.

நாள் 416, 13:00

அந்த உணரி பேராசிரியர் குணாளனின் கண்டுபிடிப்பு. அவர்தான் என் நெறியாளர். நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடு என்றார். மறுத்தேன். இரண்டரை வருடம் அவர் கையெழுத்துப் போடவில்லை. எடுத்தேன். வாய்மொழித் தேர்வு அன்று நான் வாங்கிவைத்த போண்டாவையும் முந்திரியையும் தின்றுகொண்டே, பணிவான மாணவன் என்று என்னைப் புகழ்ந்தார்.

பிறகு அதையே தனிக் கட்டுரையாக அனுப்பினேன். பெயர் மறைத்த மதிப்பீட்டாளர் நிராகரித்தார். கேள்விக்குறிகளை மூன்று மூன்றாகப் போடுகிற ஆள் எங்கள் துறையில் ஒருவர்தான். பேராசிரியர் பதவிக்கு நான் போன நேர்காணல்களில் எல்லாம் எதிரில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். என் முடி கொட்டுவதைப் பற்றி விசாரிப்பார். ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி வராது. கடைசியில், வேறு யாரும் வர விரும்பாத இந்த இடம் எனக்குக் கிடைத்தது. வந்து பார்த்தால் சுவரில் அவருடைய உணரி.

கப்பலின் வரைபடத்தை இன்றுதான் எடுத்துப் பார்த்தேன். முத்துப்பேச்சியின் கப்பலிலும் அதே உணரி. வடிகட்டியில் அதே பிசின். ஆனால் அவர்களிடம் அவசரத்துக்கு, மூச்சில் வரும் கரியமில வாயுவை உறிஞ்சும் பழைய சுண்ணக் குப்பிகள் இருக்கின்றன. வடிகட்டியை நிறுத்தி அவற்றை மாட்டினால் நால்வரும் பிழைப்பார்கள். இங்கிருந்தவற்றை இடத்தை அடைக்கிறது என்று போன வருடமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவை இல்லாமல் வடிகட்டியை நிறுத்தினால் மூச்சு முட்டியே சாவேன்.

நாள் 416, 16:20

மிச்சமிருந்த ஒரு குப்பிக் காற்றை நான் சுவாசிக்கவில்லை. உணரியின் வாயில் பொருத்தினேன். பூமிக் காற்றைச் சுத்தம் என்று அதற்குக் காட்டிவிட்டு, இந்த அறைக் காற்றை விட்டேன்.

சிவப்பு. முள் கடைசிக் கோட்டைத் தாண்டி நின்றது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்றைக்கு ஒரே ஒரு செய்தி. பூமியில் இருக்கும் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினேன். குழுத் தலைவர் குணாளன். சிவப்பை முதலில் அவர் பார்க்கட்டும். கப்பலுக்கு நாளைக்கு.

நாள் 417, 09:30

கப்பலுக்கு அனுப்பிவிட்டேன். யாரையும் கேட்காதீர்கள், உடனே குப்பிகளை மாட்டுங்கள் என்று.

அதற்குப் பின் குணாளனின் பதில் வந்தது: "தனுஷ்கோடி, இன்னும் அந்த நாலாவது சாப்டர விடலியாப்பா? உணரியோட பூஜ்ஜியத்த நீயே மாத்தி வச்சுட்டு, செவப்புன்னு நீயே சொல்றே. ரெண்டு பேர் செத்திருக்காங்க. மிஞ்சினது நீ ஒருத்தன், கெமிஸ்ட்டும் நீதான். உன் ரிப்போர்ட்ட நான் எப்படிப்பா எடுத்துக்கறது? வடிகட்டியில கை வைக்கக் கூடாதுன்னு கப்பலுக்கு நேத்து ராத்திரியே உத்தரவு போட்டாச்சு. உன்ன விசாரிக்க ஆள் வரும். நல்லா தூங்கு."

நேற்று இரவே.

நாள் 418, 10:05

முத்துப்பேச்சி: "அண்ணாச்சி, எப்படிக் கண்டுபிடிச்சிய? அஞ்சாறு நாளா காப்பி துருப்பிடிச்ச தகரத்த நக்குன மாதிரிதான் இருந்திச்சு, நாலு பேருக்கும். ஒங்க தகவல் முந்தாநாள் வந்திருந்தா, கேக்காம கொள்ளாம மாட்டியிருப்போம். அதுக்குள்ள கீழருந்து உத்தரவு வந்துட்டு. உங்களப் பத்தி என்னென்னமோ சொல்லுதாவ. நான் நம்பல. ஆனா உத்தரவு உத்தரவுதானே. மறுபடி கேட்டிருக்கோம். குப்பியெல்லாம் எடுத்து வெளியதான் வச்சிருக்கு."

முந்தாநாள் என்னிடம் ஒரு செய்திக்கு மின்சாரம் இருந்தது. அதை யாருக்கு அனுப்பினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அழிக்கப்போவதில்லை.

பதில்: மாட்டு. உத்தரவைத் தூக்கிப் போடு. மாட்டு.

நாள் 419, 11:40

என் நாக்கில் இரும்பு இன்னும் இருக்கிறது. மணிக்கொரு முறை கரண்டியால் சர்க்கரையைத் தொட்டுப் பார்க்கிறேன். மின்கலம் மிகவும் இறங்கிவிட்டது. இன்று எதுவும் அனுப்ப முடியாது.

நாள் 420, 07:50

காற்று பச்சை. காலையில் உணரி தானாகத் தன் சுத்தத்தை மறுபடி எடுத்துக்கொண்டது.

முத்துப்பேச்சி: "அண்ணாச்சி, சத்தத்தையே காணோம்? இனிமே கவலைப்படாதீங்க. கீழருந்து பதில் வரதுக்குள்ள எல்லாம் சரியாயிட்டு! காப்பி அமிர்தம் மாதிரி இருக்கு, நாலு பேரும் ரெண்டாவது தம்ளர் குடிச்சோம். வெளக்கும் பச்சதான். பெறவு எதுக்கு அந்தக் குப்பி, மறுபடி உள்ள வச்சாச்சு. ஒங்களுக்கு ஒரு பொட்டலம் தூள் தனியா எடுத்து வச்சிருக்கேன். வாசல்ல வந்து நிக்கணும், என்ன? மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்கிடுங்க." பின்னால் யாரோ பாடுகிறார்கள்.

நாள் 420

அனுப்பினேன். போகவில்லை.
அனுப்பினேன்.

இதைப் படிப்பவருக்கு. உள்ளே வந்ததும் முகமூடியைக் கழற்றாதீர்கள். விளக்கு என்ன சொன்னாலும்.

நாள் 421, காலை

காற்று பச்சை. நீர் பச்சை.

கப்பலிலிருந்து வானொலி அலை மட்டும் வருகிறது. குரல் இல்லை.

காபி போட்டேன். இரும்பு இல்லை. சர்க்கரை சரியான அளவு. இவ்வளவு நல்ல காபியைக் குடித்து எத்தனை நாள் ஆயிற்று. குணாளனும் ஒரு வாய்

இன்னொரு தம்ளர்