உன் அப்பா போட்ட அதட்டல்

சேசு மரி சூசை துணை

ஆட்டையாம்பட்டி
1938, தை மாதம்

அன்பு மகன் அற்புதராஜுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் திடமாக இருக்கிறோம், நீயும் அந்த நாகபுரிக் குளிரில் காதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன். உன் மகள் இசபெல்லாவுக்கு மேல்பல் முளைத்துவிட்டது, முதல் கடி எனக்குத்தான். இவளைப் போல ஒரு பிள்ளை இந்தத் தெருவிலேயே இல்லை, நான் சொல்லவில்லை, கோயிலுக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

அங்கே இந்தியில் தூ, தும், ஆப் என்று மரியாதையில் மூன்று படி இருக்கிறது, துரை மட்டும் எல்லோருக்கும் ஒரே யூ போடுகிறான் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்துக் காட்டினதும் உன் அப்பா, அப்போ துரை ஊட்டு நாயிக்கும் கவர்னருக்கும் ஒரே மரியாதைங்களான்னு கேளு என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தவருக்குத் தன் வீட்டில் நடப்பது தெரியவில்லை பார். ரயில்வே வீடு கிடைக்கும்வரை என்று நீ சௌரம்மாவை இங்கே விட்டுப்போன நாளிலிருந்து அவளை வாங்க அம்மணி, உக்காருங்க அம்மணி என்றுதான் கூப்பிட்டார். குண்டூரிலிருந்து நம்மை நம்பி வந்த பெண், மரியாதை குறைந்துவிடக் கூடாது என்று அவருக்கு நினைப்பு. அவளோ நாளுக்கு நாள் வாடிப்போனாள். என்னை மட்டும் நீ வா அத்தம்மா என்பாள், பக்கத்து வீட்டுப் பழனியம்மாள்கூட, என்னக்கா உன்ற மருமவ உன்னையே நீன்னு சொல்றா என்று இடித்தாள், பெத்த தாயைச் சொல்றாப்பல சொல்றா, உனக்கென்ன வயித்தெரிச்சல் என்று வாயை அடைத்துவிட்டேன். கடைசியில் போன வாரம் சௌரம்மா பெட்டியைக் கட்டிவிட்டாள். அம்மா வீட்டுக்குப் போகிறேன், எங்க நாயினா என்னை ரா தல்லி, வா தாயி என்று கூப்பிடுவார், இங்கே மாமய்யா என்னை விருந்தாளியாகவே வைத்திருக்கிறார், விருந்தாளி எத்தனை நாள் இருக்கலாம் என்று அழுதாள். இவரிடம் சொன்னால், அவங்க இஷ்டமுங்க என்று எழுந்துபோய் வண்டியைப் பூட்டுகிறார். உனக்கு நான் என்ன பதில் எழுதுவேன்.

பெட்டி ஏறிவிட்டது. சௌரம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணீரில் பாதை தெரியாமல், நம் உதைகாலிச் செவலைக்குப் பின்னாலேயே போய் நின்றாள். அவ்வளவுதான், ஏ புள்ள, தள்ளி நில்லு, மாடு ஒதைக்கும், கண்ணு எங்கே வெச்சிருக்கிற நீயி, அறிவில்ல என்று இவர் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, மன்னிச்சுக்கங்க அம்மணி என்று கும்பிட்டார். அவளுக்கு அழுகையோடு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மணி வேண்டாம் மாமய்யா, இன்னொரு தரம் திட்டு என்றாள். இவர் என்னைப் பார்த்தார், நான் திட்டுங்க என்றேன். ஏ தாயி, பெட்டிய எறக்கு, உள்ளே போ என்றார், சொல்லிக்கொண்டே மாட்டை அவிழ்த்தார்.

இப்போது நாள் முழுக்க, ஏ தாயி தண்ணி கொண்டா, ஏ தாயி நீ தின்னியா என்று ஒரே அதட்டல்தான், அவளுக்குக் கன்னம் பூரித்துக் கிடக்கிறது. வாங்க சாமி போங்க சாமி என்ற மரியாதையெல்லாம் இனி மாடுகளுக்கும் இசபெல்லாவுக்கும் மட்டும்.

குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்காதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்று மறக்காதே, ரயில்வே வீடு கிடைத்தாலும் மெதுவாகவே வா. பெட்டியை உன் அப்பா பரண்மேல் போட்டு, ஏணியைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகையில் ஒளித்துவைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
மரியபுஷ்பம்