வாசல் ஸ்டூல்

ஆக. 4, திங்கள்
ஆடிக் காற்று. மாடியில் காயப்போட்ட புடவை பக்கத்து வீட்டு மாமரத்தில். மாலை, மலைக்கோட்டைப் பக்கத்து ஜவுளிக்கடையில் பணியாளர் நலம் பற்றி உரை. என்னைப் போல் ஓய்வுபெற்ற உடலியல் பேராசிரியையைக் கூப்பிடுவது எளிது. பொருள்: நெடுநேரம் நிற்பதால் கால் சிரைகளுக்கு வரும் கேடு. (‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்பார்கள். நரம்பு அன்று, சிரை.) நாற்பது நிமிடம், அமர்ந்தபடி பேசினேன். நடுவில் ஒரு பெண் சிரித்தாள். முறைத்தேன்.

ஆக. 5
கண் சொட்டு மருந்து தீர்ந்தது. போன்: நேற்றுச் சிரித்தவள், மல்லிகா. உரை முடிந்து நான் கொடுத்த குறிப்புச் சீட்டில் என் எண் இருந்ததாம்.
“மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. ரொம்ப நேரம் நிக்காதீங்கன்னு நீங்க சொல்றீங்க, நாங்க அத்தனை பேரும் நின்னுக்கிட்டே கேக்குறோம். சிரிப்பு வந்துடுச்சு.”
நாற்காலிகள் மேலாளர்களுக்கு மட்டும். விளக்கில் கண் கூசியது என்பது சாக்கு. நான் பார்க்கவில்லை.
சிரித்ததற்குத் தண்டனை: புடவைப் பிரிவிலிருந்து வாசலுக்கு மாற்றம். நாள் முழுதும் நின்று வணக்கம் சொல்லும் வேலை. ஏற்கெனவே இடது கால் வீக்கம். புண்ணானால் வேலை போகும். ஸ்டூல் கேட்டாளாம். மேற்பார்வையாளர்: “உக்காந்துக்கிட்டு வணக்கம் சொன்னா கஸ்டமருக்கு மரியாதையா?”

ஆக. 6
மேலாளருக்கு போன். இருக்கை தருவது சட்டம் என்றேன்.
“ஸ்டூல் எல்லாம் இருக்குங்க மேடம், ஸ்டோர்ல.”
ஸ்டோரில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டேன். லைன் துண்டிப்பு. வத்தக்குழம்பு அடிப்பிடித்தது.

ஆக. 7
நேரில். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ், கம்பியைப் பிடித்து நின்றே. கடை வாசலில் மல்லிகா, கைகூப்பி. மேற்பார்வையாளர் ஸ்டூலோடு ஓடிவந்தார்.
“பெரியவங்க நிக்கலாமா? உக்காருங்கம்மா.”
வயதுக்கு ஒரு நிமிடத்தில் வருகிறது ஸ்டூல். வீக்கத்துக்கு வராது.
“அந்தப் பொண்ணு உக்காரட்டும், நானும் உக்கார்றேன்.”
அவர் அசையவில்லை. நானும். காலி ஸ்டூல், பக்கத்தில் நிற்கும் கிழவி. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் உள்ளே போகப் போக ஒரே கேள்வி: “ஏங்க, வயசானவங்கள இப்படியா நிக்க வைப்பீங்க?” இருபது நிமிடத்தில் இரண்டாவது ஸ்டூல். மல்லிகா விளிம்பில் அமர்ந்தாள்.
“மேடம், இப்ப சிரிக்கலாமா?”

ஆக. 8, வெள்ளி
முழங்கால் மடங்க மறுக்கிறது. மதியம் மல்லிகா போன்: “நீங்க பஸ் ஏறினதும் ரெண்டு ஸ்டூலையும் உள்ள எடுத்துட்டாங்க.”
எதிர்பார்த்ததுதான். நாளைக்கும் வரட்டுமா என்றேன்.
“வாங்க மேடம். கூட்டமா இருக்கிற நேரமாப் பாத்து வாங்க.”
கெட்டிக்காரி. முழங்கால் பட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். இந்த முறை மாடியில் அல்ல.