கொடுக்காத பதினொரு கவர்கள்

அக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். தஞ்சாவூர் அம்மா வீட்டிலிருந்து குடவாசல் பக்கம், கம்பெனி காரில். வழியெல்லாம் சம்பா நடவு. எடுத்துப்போனவை: ஐஸ் பெட்டி, ஊசி, ஒப்புதல் படிவம், குடை. குடை காரிலேயே.

வேலை: யானைக்கால் நோயைக் கண்டுபிடிக்கும் எங்கள் புதிய பரிசோதனைப் பட்டைக்காக ரத்தம் சேகரிப்பது. எட்டு வருடத்துக்கு முன் பிஎச்.டி.க்காக நான் ரத்தம் எடுத்த அதே ஊர். அந்த ஜனங்களுக்கு என்னைத் தெரியும் என்று ஹைதராபாத் மீட்டிங்கில் சொன்னதே நான்தான்.

தெரிந்துதான் இருந்தது. துணை சுகாதார நிலைய வரிசையில் மூன்றாவது ஆள் பாக்கியம். அன்றைக்கு முதலில் கை நீட்டி, மற்ற நடவுப் பெண்களின் பயத்தைப் போக்கியவர். இப்போது இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி, தோல் தடித்து. சேற்றில் இறங்கினால் காய்ச்சலாம். நடவுக்குப் போய் மூன்று வருடமாம்.

"ரிசல்ட் சீட்டு கொண்டாந்து தர்றேன்னீங்களே சார். வரலன்னதும் ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டோம்." குரலில் கோபமே இல்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேரில் எல்லாம் அழிந்துவிட்டது என்றேன். யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது. தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினார். எடுத்தேன்.

அக். 15, புதன்

மழை இல்லை. பல் வலி. மேனேஜர் போன்: கால் வீங்கியவர்களின் ரத்தம் இன்னும் வேண்டும், அதுதான் நல்ல சாம்பிள். ஆமாம் சார் என்றேன்.

அந்த ரிசல்ட் கவர்களைத் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மா வீட்டுப் பரண், பழைய சூட்கேஸ், ஆய்வேட்டுக்கு அடியில். பதினொன்று. நோய் இருந்தவர்களுக்கு எழுதியவை. பெயர், வயது, "உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்லவும்." என் கையெழுத்து. கொடுத்தாயிற்றா என்று என் பிஎச்.டி. கைடு இரண்டு முறை கேட்டார். ஆயிற்று சார் என்றேன். அந்த வாரம்தான் கம்பெனி இன்டர்வியூ. பிறகு வீடு பார்ப்பது, வேலையில் சேர்வது, மகளுக்கு ஞானஸ்நானம். பிறகு வெட்கம். ஒரு வருடம் கழித்து எந்த முகத்தோடு போய்க் கொடுப்பது என்று இரண்டாம் வருடமும் போகவில்லை.

இன்டர்வியூவில் என்னைப் பிடித்துப்போனதே அந்த ஊர் வேலையால். ஜனங்களின் நம்பிக்கையைப் பெற்றவர் என்று ஒருவர் சொன்னார். அடக்கமாகச் சிரித்தேன்.

அப்போதே மாத்திரை சாப்பிட்டிருந்தால் பாக்கியத்துக்குக் கால் வீங்கியிருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விஞ்ஞானப்படி சரிதான். காலையிலிருந்து நாலு தடவை இதையே எனக்குச் சொல்லிக்கொண்டாயிற்று.

கீழேயிருந்து அம்மா: "பரண்ல என்னப்பா பண்ற?" பழைய புத்தகம் தேடுவதாகச் சொன்னேன். இரண்டு நாளில் இரண்டு பொய்.

அக். 16, வியாழன்

சுள்ளென்று வெயில். பாக்கியம் வீட்டுக்குத் தனியாகப் போனேன். கவரைக் கொடுத்து, கம்ப்யூட்டர் கதை பொய் என்றேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். தேதியையும்.

"ஒங்ககிட்டயே இருந்துச்சா?"

"ஆமாங்க."

மாத்திரை பற்றிக் கேட்பார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. இன்னும் யார் யாருக்கு இருந்தது என்று மட்டும் கேட்டார். அடுத்தவர் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது, அது விதி என்றேன்.

"சொல்ல வேண்டியத எட்டு வருஷமாச் சொல்லல. இப்ப மட்டும் விதி வந்துடுச்சு."

செவ்வாய்க்கிழமை எடுத்த ரத்தத்தைக் கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது என்றார். அழித்துவிட்டு எழுதித் தருகிறேன் என்றேன். எழுத்து வேண்டாம், நான் பார்க்க அழிங்க என்றார். நொண்டிக்கொண்டே சுகாதார நிலையம் வரை வந்தார். அங்கிருந்த நர்ஸ் அந்த ரத்தம் இருந்த குழாயைத் திறந்து பிளீச்சிங் கரைசலில் ஊற்றினார். பாக்கியம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

கைடுக்கும் மேனேஜருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். கைடிடமிருந்து ஒரே வரி: "உன் பேச்சை நம்பித்தானே ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டேன்." மேனேஜர்: சேகரிப்பை நிறுத்து, ஹைதராபாத் வந்ததும் பேசலாம்.

அக். 18, சனி

மேகமூட்டம். பல் தேவலாம். நர்ஸும் கூட வருகிறார். இதுவரை ஏழு கவர் கொடுத்தாயிற்று. ஒருவர் இறந்துவிட்டார், வேறு நோயில். இரண்டு பேர் திருப்பூரில், போனில் சொன்னேன். அதில் ஒருவர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார்.

பதினொன்றாவது ரோஸ்லின். அப்போது பத்தாம் வகுப்பு. நான் ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பெண். இப்போது பிரசவத்துக்கு வந்து தாய்வீட்டில், மடியில் குழந்தை. கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அம்மா இருக்கும்போதே பேசலாமா என்று முதலில் அவளிடம் கேட்டேன். பேசுங்க சார் என்றாள். அவள் அம்மா டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

கவரைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். மறுபடி பரிசோதிக்க வேண்டும், மருந்து இருக்கிறது, பால் கொடுப்பதால் டாக்டரைக் கேட்டு ஆரம்பிக்கலாம் என்று நர்ஸ் விளக்கிக்கொண்டிருந்தார். ரோஸ்லின் அம்மா நர்ஸைப் பார்க்கவில்லை.

"சாருக்கு எப்பத் தெரியும்?"

"எட்டு வருஷமாத் தெரியும்."

டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.