சவாரிக்கு விட்ட படகு

சேசு மரி சூசை துணை

எண்ணூர்,
11-2-1951

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

ஸ்டானிஸ்லாஸ் எழுதுவது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், கவலைப்பட ஒன்றும் இல்லை. தங்கவயல் குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உன் அக்கா எழுதியிருந்தாள். போர்டிங் பிள்ளைகளோடு நீயும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்காதே. மேட்ரனாக இருக்கிற நீ வெந்நீர் கேட்டால் மடத்து மதர் இல்லையென்று சொல்லமாட்டார்கள்.

படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். மழைக்காலம் முழுக்கக் கழியின் உப்புத் தண்ணீரில் கிடந்ததில் அடிப்பலகையைப் புழு அரித்துவிட்டது. நானும் அப்பாவுவும் கெட்ட பலகையைப் பிடுங்கி, புதுசு வைத்து, இடுக்கில் பஞ்சு அடைத்துத் தார் பூசுகிறோம். இந்த வேலை முடிந்தது என்று ஒருநாளும் சொல்ல முடியாது. முன்பக்கம் அடைத்தால் பின்பக்கம் ஒழுகும். அது நின்றால் மேலே துணிக்கூரை கிழியும். நகத்தில் ஏறிய தார் போகாமல், கோயிலில் கையைக் கூப்பவே கூச்சமாக இருக்கிறது.

துரைமார் கப்பலேறிய பிறகு சவாரிக்கு வருகிறவர்கள் வேறு தினுசு. கவிழ்ப்பதற்கு முந்தின ஞாயிறு ஒரு மில் அதிகாரி குடும்பத்தோடு வந்தார். உச்சி வெயிலில் வந்து கொடுவா எங்கே என்றார். நீரோட்டம் திரும்பும்போதுதான் மீன் கடிக்கும் என்றேன். அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபித்துக்கொண்டார். அவர் மனைவிக்கு வாந்தி. தூண்டிலைப் பிடித்தபடியே அவர் தூங்கிப்போனார். அப்பாவு சும்மா இருக்காமல், காட்டுப்பள்ளிப் பக்கம் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு கொடுவாவை வாங்கி, அவருடைய முள்ளிலேயே மாட்டித் தண்ணீரில் விட்டுவிட்டான். அது செத்து வெகுநேரம் ஆகியிருக்கும். அவர் விழித்து இழுத்துப் பார்த்து, மீனோடு போட்டோ எடுத்துக்கொண்டார். போகும்போது என் கையைக் குலுக்கினார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை. ஹார்பர் வேலையை விட்டு இந்தப் படகை வாங்கிய நாளிலிருந்து அப்பாவு கூட இருப்பதால்தான் காலம் ஓடுகிறது.

பதில் போடு.

உன்
ஸ்டானிஸ்லாஸ்


சாம்பியன் ரீப், கோலார் தங்கவயல்,
25-2-1951

அன்புள்ள அவர்களுக்கு சுகிர்தம் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. வெந்நீர் கேட்டேன், தருகிறார்கள். பிள்ளைகளில் நாலு பேருக்கு அம்மை போட்டிருப்பதால் ராத்தூக்கம் இல்லை. மற்றபடி சுகம்.

செத்த மீன் கதையை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு உங்கள் முதுகு வலியைத்தான் நினைக்கத் தோன்றியது. படகைக் கவிழ்த்தால் உங்களுக்கு ஒரு வாரம் நிமிர முடியாதே.

நான் இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. சண்டை போட்டுக்கொண்டு வரவில்லை என்று உங்களுக்கும் தெரியும். டைபாய்டில் நான் கிடந்த அன்று ஒரு துரையைக் கூட்டிக்கொண்டு நீங்கள் விடியுமுன் கழிக்குப் போய்விட்டீர்கள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாதான் எனக்குக் கஞ்சி ஊட்டினாள். திரும்பி வந்ததும் என் நெற்றியில் கை வைத்தீர்கள், அதை நான் மறக்கவில்லை. ஆனால் கையில் மீன் நாற்றம் அடித்தது. அப்போதே அலுத்துவிட்டது எனக்கு.

படகை யாருக்காவது கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடுங்கள். சுரங்கத்தில் இல்லாவிட்டால் ஸ்டோரில் வேலை பார்க்கலாம் என்று அத்தான் சொல்கிறார். இதை நான் எழுதுவது எத்தனையாவது தடவை என்று எனக்கே தெரியாது.

தங்கள்
சுகிர்தம்


சேசு மரி சூசை துணை

எண்ணூர்,
6-5-1951

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. எழுதக்கூடாது என்று இல்லை. எழுதினால் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டிவரும் என்று தள்ளிப்போட்டேன்.

இந்தக் கோடையில் படகுக்கு ஓய்வே இல்லை. சனி ஞாயிறு இரண்டு நாளும் சவாரி. ஆனால் மீனுக்காக வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஊரெல்லாம் மதுவிலக்கு அல்லவா. கழி நடுவில் போய்ப் படகை நிறுத்திவிட்டால் யார் வந்து பார்ப்பது? கூடையில் மேலே வாழையிலையும் சோறும், அடியில் பாட்டில். தாமோதரன் என்று ஒரு ரோடு கான்ட்ராக்டர், நாலைந்து சிநேகிதர்களோடு வாராவாரம் வருகிறார். தூண்டிலைக் கையில் தொடுவதே இல்லை. முதல் தடவை கூடையைத் தூக்கி வைக்கும்போதே கண்ணாடிச் சத்தம் கேட்டது. நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். ஆரோக்கிய மாதா என்று பெயர் எழுதிய படகு அது.

அப்பாவுவுக்குப் பிடிக்கவில்லை. இது வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னான், பிறகு சொல்லவில்லை. ஒருநாள் அந்தச் சிநேகிதர்களில் ஒருவர் நின்றுகொண்டு ஆட, படகு ஒரு பக்கம் சாய்ந்து அவர் தண்ணீரில் விழுந்தார். அப்பாவு குதித்துத் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்தான். கரையேறியதும், முடியை ஏன் பிடித்தாய் என்று அவனை அறைய வந்தார்.

வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் வேறு படகுக்குப் போவார்கள். பிறகு பலகைக்கும் தாருக்கும் நான் எங்கே போவேன்? படகு வைத்திருக்கிறேன் என்று பெயர். சில நாள், அதுதான் என்னை வைத்திருக்கிறது என்று தோன்றுகிறது.

அம்மை கண்ட பிள்ளைகள் தேறிவிட்டார்களா?

உன்
ஸ்டானிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை

எண்ணூர்,
3-7-1951

சுகிர்தம்,

அப்பாவு ஜெயிலில் இருக்கிறான்.

போன சனிக்கிழமை நான் கயிறு வாங்க ராயபுரம் போயிருந்தேன். அப்பாவு தனியாகத்தான் கான்ட்ராக்டர் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனான். துறையில் போலீஸ் நிற்கிறது என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. உப்பளத்துக் கரையிலேயே இறங்கிக் காரில் போய்விட்டார்கள். பாட்டில்களைப் படகிலேயே விட்டுவிட்டார்கள். அவன் ஒற்றை ஆளாகத் துறைக்கு வந்து சேர்ந்தான். அவனையும் பிடித்துக்கொண்டார்கள், படகையும் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் கான்ட்ராக்டரே வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். பாட்டில் என் வேலைக்காரன் கொண்டுவந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது என்று கோர்ட்டில் நான் சொன்னால் படகு திரும்பக் கிடைத்துவிடுமாம். தெரிந்தே விட்டேன் என்று சொன்னால் படகு பறிமுதல், எனக்கும் ஜெயில். எதற்கு வீண் வம்பு என்றார். அவர் பேச்சை எந்த இடத்திலும் என்னால் மறுக்க முடியவில்லை.

அப்பாவுவைப் போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் குந்திக்கொண்டிருந்தான். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவனே சொன்னான்:

"நீ ஒண்ணும் பேசாத நைனா. கொஞ்ச நாள் உள்ள கெடந்துட்டு வந்துடறேன். படகு பூட்சின்னா நீயும் நானும் இன்னா பண்றது?"

அவன் மனைவி பட்டம்மாள் தினமும் நம் வீட்டு வாசலில் வந்து உட்காருகிறாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பொழுது சாய்ந்ததும் எழுந்து போகிறாள்.

எனக்கு யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. அவனே சொல்லிவிட்டானே என்று ஒரு சமயம் நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்? உடனே எழுது.

ஸ்டானிஸ்லாஸ்


கோலார் தங்கவயல்,
7-7-1951

அன்புள்ள அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அப்பாவுவுக்காகக் கோயிலில் முழந்தாளிட்டேன்.

படகை விடுங்கள் என்று இத்தனை நாள் சொன்னவள் நான். இப்போதும் அதையே சொன்னால், என் காரியத்துக்காகச் சொன்னேன் என்று என்றைக்காவது உங்களுக்குத் தோன்றும். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் பட்டம்மாளின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அதனால் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கோர்ட்டில் நிற்கப்போவது நீங்கள். முந்தின நாள் வயிறாரச் சாப்பிடுங்கள்.

சுகிர்தம்


கோலார் தங்கவயல்,
12-8-1951

அன்புள்ள அவர்களுக்கு,

நான் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஒரு கார்டாவது போடக் கூடாதா? கன்னியம்மாவுக்கும் எழுதினேன். அவளுக்கு யார் படித்துக் காட்டுவார்கள் என்று பிறகுதான் நினைப்பு வந்தது. என் மேல் கோபமாக இருந்தால் அதையாவது எழுதுங்கள்.

சுகிர்தம்


சேசு மரி சூசை துணை

எண்ணூர்,
2-9-1951

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

கோபம் இல்லை. உள்ளே இருந்தேன். அங்கேயிருந்து உனக்குக் கடிதம் போட மனம் வரவில்லை. நேற்றுத்தான் விட்டார்கள். உன் கடிதம் கதவடியில் கிடந்தது.

கோர்ட்டுக்குப் போகும்வரை நான் எதையும் முடிவு செய்யவில்லை, அதனால்தான் ஜூலையிலும் உனக்கு எழுதவில்லை. உனக்குத்தான் உண்மையைச் சொல்ல முடியும். கான்ட்ராக்டர் சொல்லிக்கொடுத்ததை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன். அப்பாவுவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் நான் தடுமாறிவிடுவேன் என்று வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சட்டையில்லாத முதுகு. ஆரம்ப நாளில் படகைத் தள்ளும்போது நான் பின்னால் நின்று பார்த்த அதே முதுகு. என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, படகு என்னுடையது, பாட்டில் ஏறுவது எனக்குத் தெரியும், பல வாரமாகத் தெரியும், இவன் வேண்டாமென்றுதான் சொன்னான் என்றேன். கான்ட்ராக்டர் பெயரையும் சொன்னேன். அவரைப் பார்த்த சாட்சி யாரும் வரவில்லை. அப்பாவுவை விட்டுவிட்டார்கள், எனக்கு ஒரு மாதம்.

வெளியே கொண்டுபோகும்போது அப்பாவு கிட்டே வந்தான். "உனக்கு இன்னா பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு அழுதான்.

படகு போலீஸ் ஸ்டேஷன் பின்னால் மணலில் கிடக்கிறது. ஏலம் போடுவார்களாம். அதுவரை வெயிலில் காய்ந்து பலகையெல்லாம் வாய் பிளந்துவிடும். நேற்று அந்த வழியாகத்தான் வந்தேன். நின்று பார்க்கவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், தூக்கம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து மாலைவரை தூங்கினேன்.

அப்பாவு தன் மைத்துனனுடைய வலையில் சேர்ந்திருக்கிறான், என்னையும் கூப்பிடுகிறான். சவாரிக்காரனுக்கு வலை இழுக்கத் தெரியாது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் கூப்பிடுகிறான்.

நீ இத்தனை நாள் கேட்டது நடந்துவிட்டது. இனி நீ வா என்றால் வருகிறேன். ஸ்டோர் வேலைக்கு ஜெயிலுக்குப் போனவனை எடுப்பார்களா என்று அத்தானிடம் கேட்டுவை.

உன்
ஸ்டானிஸ்லாஸ்


கோலார் தங்கவயல்,
16-9-1951

அன்புள்ள அவர்களுக்கு சுகிர்தம் எழுதுவது.

நீங்கள் இங்கே வர வேண்டாம்.

அவசரப்பட்டு வருத்தப்படாமல் மிச்சத்தையும் படியுங்கள். உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. எனக்காக விடாத படகை அப்பாவுவுக்காக விட்டுவிட்டாரே என்று பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். துணி அலசும்போது அழுதேன். மூன்றாம் நாள்தான், அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் படகோடு நீங்கள் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அப்படிப்பட்டவர் எழுதும் கடிதத்தை நான் பிரித்திருக்கவே மாட்டேன்.

அத்தானிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். இங்கே தண்ணீரே கிடையாது. கல்யாணமான புதிதில் அக்கா வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கினீர்களே, அந்தப் பத்து நாளும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அப்பாவு கூப்பிட்டால் வலைக்குப் போங்கள். தெரியாவிட்டால் என்ன, அவன் பார்த்துக்கொள்வான்.

ராயபுரத்தில் உள்ள மடத்துப் போர்டிங்குக்கு என்னை மாற்ற முடியுமா என்று மதரிடம் கேட்டிருக்கிறேன். கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைத்தாலும் நான் போர்டிங்கில்தான் தங்க வேண்டும். லீவு நாளில் எண்ணூருக்கு வருவேன். எனக்கு இப்போதைக்கு அவ்வளவுதான் முடியும். உங்களுக்கும் அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை, எழுதுங்கள்.

உங்கள் முதுகுக்கு எண்ணெய் காய்ச்சி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பட்டம்மாளிடம் கொடுத்துச் சூடாக்கி, அப்பாவுவை உங்களுக்குத் தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

இனிமேல் எழுதுவதற்குப் படகு இல்லை. உங்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும். கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும், ஆனாலும் எழுதுங்கள்.

தங்கள் மனைவி,
சுகிர்தம்