மினுங்கிய காவடி மரம்

மச்சான்,

நேற்று மகள் நெயில் பொலிஷ் அழிக்கும் போத்தலைத் திறந்தாள். அந்த அசிற்றோன் நெடி மூக்கில் ஏறியதும் நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். நீ கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. நீ இருக்கும்போது சொல்லப் பயந்ததை இப்போது எழுதுகிறேன்.

முரசுமோட்டையில் நாமிருவரும் நடத்திய தச்சுப் பட்டறைக்கு, கோயில்காரர், முதுகில் முள் குத்தி ஆள் தொங்கும் அந்தத் தூக்குக்காவடி மரத்தைக் கொண்டுவந்தது நினைவிருக்கும். சண்டையில் சனம் இடம்பெயர்ந்த காலத்தில் மண்ணில் கிடந்து உளுத்து, தொட்டால் மாவாகக் கொட்டியது. கொழும்பில் பழைய மரச்சிலைகளைச் செப்பனிடப் பழகியவன் நீ. கற்கண்டு போன்ற அக்ரிலிக் பிசின் மணிகளை அசிற்றோனில் கரைத்து, முதலில் தண்ணீர்ப் பதத்தில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தடிப்பாகப் பூசினாய். நம் வெக்கையில் அசிற்றோன் சட்டென்று ஆவியாகிப் பறந்தால் பிசினும் உள்ளே ஊறாமல் மேலே வந்துவிடும் என்று ஒவ்வொரு பூச்சுக்கும் பொலித்தீன் சுற்றினாய். பக்கத்து வீட்டில் அடுப்பு மூட்டினாலே தீப்பற்றுமென்று சத்தம் போடுவாய்.

"இது பாக்கிறதுக்குத்தான் மச்சான். மா கொட்டாமப் பிடிச்சு வைக்கும், ஆள் பாரம் தாங்காது. கோயில் ஆக்களிட்டை வடிவாச் சொல்லிப்போடு" என்றாய். பளபளப்பு வேண்டாமென்று மேற்பூச்சைத் துடைத்தும் விட்டாய். நீ வீட்டுக்குப் போனதும் நான் இன்னொரு தடித்த பூச்சு அடித்தேன். எனக்கு எதுவும் மினுங்கவேண்டும், தெரியும்தானே.

கொண்டுபோய்க் கொடுத்தபோது கோயில் தலைவர் மரத்தைத் தடவிப் பார்த்தார். "புதுமரம் மாதிரியெல்லே கிடக்கு! உங்கட கைக்குத் தங்கக் காப்புப் போடவேணும்" என்றார். அந்தப் புகழ்ச்சியில் சொல்லவேண்டியதை விழுங்கிவிட்டேன்.

திருவிழாவன்று, உழவு இயந்திரத்தில் கட்டிய காவடியில் நீ தொங்கினாய். மனைவியின் சுகத்துக்கு வைத்த நேர்த்திக்கடன். மரத்தைச் சிவப்புப் பட்டாலும் வேப்பிலையாலும் மூடியிருந்தார்கள். அது நாம் பூசிய மரமென்று உனக்குத் தெரியாது. பட்டு விலகிய இடத்தில் என் பூச்சு மினுங்கியதை நான் கண்டேன். அதற்குள் உன் முதுகில் முள் ஏறிவிட்டது. நிறுத்துங்கள் என்று கத்த வாய் வரவில்லை. அம்மன் காரியம், அத்தனை சனம், என் வெட்கம். இரு கைகளையும் ஏந்தியபடி கோயில் வரைக்கும் உனக்குக் கீழேயே நடந்தேன். நீயோ மேலிருந்து சிரித்தாய்: "என்னடாப்பா, உனக்கும் அம்மன் உரு வந்திட்டுதோ?"

மரம் எப்படியோ தாங்கிவிட்டது. அடுத்த வருடம் அதற்குப் பதிலாக இரும்புக் குழாய் வந்தது, நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இன்று காலை உன் மகன் கோயிலில் கிடந்த அந்த மரத்தை ஏற்றிக்கொண்டு வந்தான். "அப்பா தொங்கின மரத்திலைதான் நானும் தொங்கப்போறன் மாமா. ஒருக்காப் பூசித் தாங்கோ" என்றான். அவனைத் திண்ணையில் இருத்தினேன். பிறகு ஒன்றும் விடாமல் சொன்னேன். அவன் கத்தவில்லை. நிலத்தைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன். வரும்போது மாமா என்றவன், மரத்தை முற்றத்தில் விட்டுவிட்டு, அந்தச் சொல் இல்லாமலே போனான்.

கோயிலுக்கு அறிவித்துவிட்டு மரத்தை நடுவால் அறுத்தேன். உள்ளே ஒரு கைப்பிடி நல்ல மரம்கூட இல்லை, எல்லாம் மா. இனி அதில் யாரும் தொங்கமுடியாது. நீயும் இல்லை. இருந்தும் மச்சான், நீ விழுந்துவிடுவாயோ என்று எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.